வரப்பில் வைத்த பெட்டி

என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியோடு நான் முதன்முதலாகப் பேசியது ஒரு ஷேர் ஆட்டோவில். எங்கள் இருவர் மடியிலும் பாதிப் பாதியாக ஒரு தேனீப் பெட்டி இருந்தது. அதற்கு முன் இரண்டு மூன்று வருஷமாக நாங்கள் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தோம்.

நான் பொம்மிடியில் பிறந்தவள். ரயில் வரும் சத்தத்தை வைத்தே மணி சொல்லும் வீடு எங்களுடையது. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, இந்த வீடு ஏற்கெனவே இரண்டாகியிருந்தது. கிணற்றில் தண்ணீர் குறைந்த ஒரு சித்திரையில் மோட்டார் முறைக்காக அண்ணன் தம்பிக்குள் வாய்த்தகராறு வந்து, நிலம் பிரிந்து, ஆளுக்கொரு போர்க்கிணறு போட்டு, வாசலின் நடுவே இடுப்புயரத்துக்கு ஹாலோபிளாக் சுவரும் எழும்பிவிட்டது. ஆண்கள் பேசாததால் பெண்களும் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் நடந்தது. அந்தப் பக்கம் கடுகு வெடிப்பது எனக்குக் கேட்கும். என்ன குழம்பு என்பதுகூட வாசனையில் தெரிந்துவிடும். உப்பு இருக்கிறதா என்று கேட்கத்தான் வாய் வராது.

ஒருநாள் எங்கள் மகளிர் குழுவில், பாப்பாரப்பட்டியில் தேனீ வளர்ப்புப் பயிற்சி இருக்கிறது, மதியச் சாப்பாடும் உண்டு என்றார்கள். வீட்டை விட்டு வெளியே போக ஒரு சாக்கு வேண்டியிருந்ததால் போனேன். போய்ப் பார்த்தால் முன்வரிசையில் சுவருக்கு அந்தப் பக்கத்து அக்கா உட்கார்ந்திருக்கிறாள். அவள் வேறு குழு. அவளை மனசுக்குள் அக்கா என்றுதான் வைத்திருந்தேன், கூப்பிட்டதில்லை.

பயிற்சி முடிந்த அன்று, இரண்டு பேருக்கு ஒரு பெட்டி, தேனீயோடு என்றார்கள். பயிற்சி கொடுத்த மேடம் விலாசங்களைப் பார்த்துக்கொண்டே வந்து எங்கள் பெயரில் நின்றார்.

"ரெண்டு பேரும் ஒரே வூடுதானே? ஒண்ணா எடுத்துக்கங்க. பாத்துக்கறதுக்கும் சுளுவா இருக்கும்."

அத்தனை பேர் முன்னால், நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்று எப்படிச் சொல்வது? இருவரும் தலையாட்டினோம். தேனீக்கள் எல்லாம் அடையும் வரை காத்திருந்து, வாசல் துளையைத் துணியால் அடைத்து, இருட்டுகிற நேரத்தில் பெட்டியை ஆட்டோவில் ஏற்றினோம். உள்ளே கொதிக்கிற உலைபோல ஒரு சத்தம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரல்நுனியால்தான் பிடித்திருந்தேன். அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"கெட்டியா புடி புள்ள. நீ வுட்டா ரெண்டு பேருக்கும் மூஞ்சி இருக்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பெட்டியை யார் பங்கில் வைப்பது என்பது அடுத்த சிக்கல். அதற்கும் அக்காவே வழி கண்டுபிடித்தாள். இரண்டு பங்குக்கும் நடுவில் போகும் வரப்பில் ஒரு புங்கமரம் நின்றது. "அவரு பங்குலயும் வேணாம், உன் வூட்டுக்காரரு பங்குலயும் வேணாம். வரப்புல வெச்சா யாரு கேப்பாங்க?" என்றாள். யாரும் கேட்கவில்லை. பெட்டியின் கால்கள் நான்குக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம், எறும்பு ஏறாமலிருக்க. அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும் சாக்கில் தினமும் இருவரும் வரப்புக்குப் போனோம்.

முதல் வாரமே அக்காவின் கண்ணிமையில் கொட்டிவிட்டது. ஒரு கண் மூடிக்கொண்டது. மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், என்ன ஆச்சு என்று கேட்டதற்குத் தூசி என்று சொன்னாளாம். "தூசிக்கு இம்மாம் பெரிய வீக்கமா?" என்று அவர் கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பங்குனிதான். புங்கம் பூத்தால் பூ பொரி பொரியாகக் கொட்டும். பெட்டியின் மூடி, அக்காவின் தலை, எங்கள் தோள் எல்லாம் பூவாகிவிடும். மரத்தின் மேலே ஒரு இரைச்சல், பெட்டிக்குள் ஒரு இரைச்சல். நாங்கள் தேங்காய் நார்ப் புகை போட்டு, மூடியைத் திறந்து, அடை கட்டியிருக்கும் மரச் சட்டத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்போம். அரிசி முனையைவிடச் சிறிய முட்டைகள், வெள்ளைப் புழுக்கள், மூடிய அறைகள். அக்கா பிறந்தது கர்நாடக எல்லையோரத்து ஊர். மனசு நிறைந்தாலும் கோபம் வந்தாலும் அவளுக்குக் கன்னடம் வந்துவிடும். காலில் மஞ்சள் மகரந்தம் ஒட்டிக்கொண்டு திரும்பி வருகிற தேனீக்களைப் பார்த்து, "பா, பா" என்று, அதாவது வா வா என்று, பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவாள். வேலை பத்து நிமிஷம் என்றால் பேச்சு ஒரு மணி நேரம். அவளுக்குப் பாம்பென்றால் பயமில்லை, இடி என்றால் பயம் என்பது முதல், இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவள் எத்தனை அழுதாள் என்பது வரை எல்லாம் அந்த மரத்தடியில்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் தேன் எடுத்த அன்று ஆளுக்கொரு விரல் வைத்து நக்கினோம். எனக்கு அதில் புளியம்பூ வாசம் அடித்தது. தர்மபுரி ரோட்டில் இரண்டு பக்கமும் அப்போது புளியமரங்கள் வளைந்து நிற்கும். "பூவுமில்ல ஒண்ணுமில்ல, உனக்குக் குழம்பு வெச்சி வெச்சி நாக்கே புளி" என்றாள் அக்கா. அடுத்த வருஷம் கூட்டத்தைப் பிரித்து வைத்ததில் ஒரு பெட்டி மூன்றாயிற்று. மூன்றும் வரப்பிலேயே நின்றன.

மாமா பாகல் பந்தல் போட்டது அதற்குப் பிறகு. நல்ல பந்தல். காலையில் மஞ்சளாகப் பூ விரிந்ததும் எங்கள் தேனீக்கள் பாதி அங்கேதான் இருக்கும். காய் சரம் சரமாகத் தொங்கியது. ஆனால் ஈ விழுந்துவிட்டது. காயைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். வெளியே பார்த்தால் நல்ல காய், அறுத்தால் புழு. ஒருநாள் காலை நான் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது பவர் ஸ்பிரேயர் ஓடும் சத்தம் கேட்டது. மூக்கில் ஏறும் நெடி. அப்போதே மனசுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது.

வரப்புக்கு ஓடினேன். பெட்டிகளின் முன்னால் தரை கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது. தேனீக்கள் மல்லாந்து கிடந்து, பம்பரம்போல் சுற்றிக்கொண்டிருந்தன. நாக்கு வெளியே நீண்டுவிட்டிருந்தது. பந்தலிலிருந்து திரும்பி வந்தவை வாசலில் இறங்க முடியாமல் தவறித் தவறி விழுந்தன. உள்ளே போக முயன்றவற்றை வாசலில் காவலிருந்த தேனீக்கள் விடவில்லை. தம் கூட்டத்தையே இழுத்து வெளியே தள்ளின. மேலே பட்டிருந்த மருந்து வாசனை அவற்றுக்கு அந்நியமாக இருந்திருக்க வேண்டும்.

அக்கா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். வீட்டுக்குப் போய் முறமும் விளக்குமாறும் கொண்டுவந்து, செத்ததையெல்லாம் கூட்டி அள்ளினாள். முறத்தை அப்படியே எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன், பந்தல் ஓரம் வரைக்கும்.

"என்னா மருந்து அடிச்சீங்க?"

மாமா மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "ஈ குத்திக் குத்திப் பாதிக் காயி அழுவிப் போவுது. கடையில ரெண்டு மருந்தக் கலந்து அடிக்கச் சொன்னாங்க."

"பூ விரிஞ்சிருக்கற நேரத்துலயா?"

"பூ எப்ப விரியுது, எப்ப மூடுதுன்னு பாத்துகினு இருந்தா பொழப்பு நடக்குமா?"

அக்கா முறத்தை அவர் காலடியில் வைத்தாள். "இதுங்களும் பொழப்புக்குத்தான் வந்துச்சிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அன்று அந்தப் பக்கம் அடுப்பு எரியவில்லை. நான் சோறும் குழம்பும் ஒரு தூக்குச்சட்டியில் போட்டுச் சுவர்மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது தூக்கு அங்கே இல்லை.

ஒரு பெட்டியில் வெளியே போய்வரும் தேனீக்கள் பெரும்பாலும் போய்விட்டன. மற்ற இரண்டும் குற்றுயிராக நின்றன. இது எங்கள் கவலை. மாமாவின் கவலை அதற்குப் பிறகு வந்தது. பந்தலில் பூவுக்குக் குறைவில்லை. பெண்பூவுக்கு அடியில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு பிஞ்சு இருக்கும். அது வளரவேண்டும். வளராமல் மஞ்சளாகி உதிர்ந்தது. தப்பித்துத் தங்கியதும் கொக்கிபோல் வளைந்து நின்றது. அந்தக் காயைச் சந்தைக்குக் கொண்டுபோனால் யாரும் தொடமாட்டார்கள். மாமா உரம் போட்டார், தண்ணீர் அதிகமாக விட்டார். பிஞ்சு உதிர்ந்துகொண்டே இருந்தது.

அக்காவுக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் அது அவர்கள் சாப்பிடும் சோறு. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்து, ஒருநாள் விடிந்ததும் என்னைக் கூப்பிட்டாள். இருவரும் பந்தலுக்குள் நுழைந்தோம். ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிப்போட்டு, உள்ளிருக்கும் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு எடுக்கவேண்டும். ஒரு பூ, இன்னொரு பூ, அடுத்த பூ. தலையைத் தூக்கியே வைத்திருந்ததில் கழுத்து நரம்பு இழுத்தது. பனி முகத்தில் சொட்டியது. ஒரு சால் வரிசை முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

மறுநாளும் போனோம். அதற்கு மறுநாள் மாமா பந்தலின் ஓரத்தில் வந்து நின்றார். நான் இருப்பதால் உள்ளே வரத் தயங்கினார். நான் அந்தக் கோடிக்கு நகர்ந்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குடு இப்புடி" என்று அக்காவிடம் ஒரு பூவை வாங்கினார். கடப்பாரை பிடிக்கும் விரல்கள். முதல் இரண்டு பெண்பூவையும் நசுக்கிவிட்டார்.

"மெல்ல. கொழந்தைக்கி மை வெக்கற மாதிரி" என்றாள் அக்கா.

அவர் உயரம். அண்ணாந்து பார்க்காமலே கை எட்டும். போகப் போகப் பழகிவிட்டது. வெயில் வந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பந்தலை ஒரு பார்வை பார்த்தார். "இம்மாம் வேலையவா இதுங்க செஞ்சிகினு இருந்துச்சிங்க?" என்றார். நாங்கள் தொட்ட பூக்கள் காயாயின. தொடாதவை உதிர்ந்தன. அவரே குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு போனார்.

அந்த வருஷத்துக்குப் பிறகு அவர் மருந்தை அறவே விட்டுவிட்டார் என்று சொன்னால் பொய். ஈக்குப் பொறி வைத்தார், அழுகிய காயைப் புதைத்தார். அதற்கும் அடங்காவிட்டால் அடித்தார். ஆனால் பூ மூடிய பிறகு, சாயங்காலத்தில். அதற்கு முன், வாசலில் நின்று சுவரைப் பார்த்து, யாரையும் குறிப்பிடாமல், "இன்னிக்கி சாயந்தரம் மருந்து" என்று ஒரு குரல் கொடுப்பார். என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டு காதில் விழாததுபோல் இருப்பார். பிறகு எழுந்துபோய், பெட்டிகளின் வாசலை அடைத்து ஈரச் சாக்குப் போட்டுவிட்டு வந்து மறுபடியும் படுத்துக்கொள்வார். அண்ணன் சொன்னதை அவர் கேட்டதாகவும் ஆகாது, கேட்காததாகவும் ஆகாது.

மூன்று பெட்டியும் மெல்லத் தேறின. அப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ரோட்டை அகலமாக்கினார்கள். புளியமரங்களை அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் போகும்போது கண் கூசியது. ரோட்டில் அவ்வளவு வெளிச்சத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. தேனீக்களுக்குப் பாதி மேய்ச்சல் போய்விட்டது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அடுத்தாற்போல் மழையும் பொய்த்த பிறகுதான் உறைத்தது. யாரும் எள் போடவில்லை. புங்கம் பேருக்குக் கொஞ்சம் பூத்து, வெயிலில் கருகிக் கொட்டிவிட்டது.

அந்தக் கோடையில் பெட்டிக்குள் சத்தமே மாறிவிட்டது. தேனீக்கள் வாசலில் வரிசையாக நின்று இறக்கையால் விசிறிக்கொண்டே இருந்தன. மீதியெல்லாம் உள்ளே இருக்க முடியாமல் வெளியே கொத்தாகத் தொங்கின. சாப்பாட்டுக்குப் பறக்க வேண்டியவை தண்ணீருக்குப் பறந்தன. எங்கள் போர் காற்று வாங்கியது. குடிக்கவே லாரித் தண்ணீர். மாமாவின் போரில் விடியற்காலையில் கொஞ்ச நேரம் நூல்போல வரும். ஒருநாள் அவர் அந்தத் தண்ணீரை வரப்புவரை டியூபில் இழுத்துக் கொண்டுவந்து, பெட்டிமேல் போட்ட சாக்கை நனைத்து, தேனீ உட்கார்ந்து குடிக்கக் கூழாங்கல் போட்ட மண் தட்டில் நிரப்பினார். அதைப் பார்த்த என் வீட்டுக்காரர் தென்னங்கீற்றும் நான்கு குச்சியும் தூக்கிக்கொண்டு வந்தார், நிழலுக்கு. குச்சிகளை ஊன்றியதும் கீற்றைத் தூக்கிப் பிடிக்க ஒருவர், கட்ட ஒருவர் வேண்டியிருந்தது.

"தூக்கு" என்றார் மாமா.

இவர் தூக்கினார். நானும் அக்காவும் எதுவும் கவனிக்காததுபோல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் ஒரு பெட்டி போய்விட்டது. உச்சி வெயிலில் திடீரென்று பெரிய இரைச்சல். ஓடிப் பார்த்தால் ஒரு பெட்டியிலிருந்து மொத்தமும் புகைபோல் வெளியே வந்து மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு பென்னாகரம் பக்கத்து மலையைப் பார்த்து நகர்ந்தது. அக்கா கேழ்வரகு அறுத்த அடித்தாள் குத்துகிற நிலத்தில் செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். "பா, பா, பா" என்று அவள் கத்தியது இன்றும் என் காதில் இருக்கிறது. ஓடைக்கரையோடு நின்றுவிட்டாள். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தோம். அடை இருந்தது. ஒரு சொட்டுத் தேன் இல்லை, ஒரு புழு இல்லை.

"கோவிச்சிகினு போவல புள்ள. பசி தாங்காம போயிருக்குதுங்க" என்றாள்.

ஐப்பசியில் மழை வந்தது. இனி பிழைத்தோம் என்றுதான் நினைத்தோம். அப்போதுதான் சீக்கு வந்தது. மீதியிருந்த இரண்டு பெட்டியிலும் புழுக்கள் அறைக்குள் தலையைத் தூக்கியபடி செத்துக் கிடந்தன. ஊசியால் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் நிறைந்த பைபோல் தொங்கியது. பயிற்சி கொடுத்த மேடத்துக்கு போட்டோ அனுப்பினேன். அவர் மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"இது வைரஸ்மா. மருந்து கெடையாது" என்றார், சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

"நாங்க எதுனா பாக்காம வுட்டுட்டமாங்க?" என்று அக்கா கேட்டாள். அவள் குரல் ஆஸ்பத்திரியில் பிள்ளையை வைத்திருப்பவள் குரல்போல் இருந்தது.

"இல்லம்மா. வெயிலு மட்டும்னா தாங்கும். பட்டினி மட்டும்னா தாங்கும். கொஞ்சம் பூச்சிமருந்து பட்டாக்கூட எப்படியோ தேறிடும். எல்லாம் அடுத்தடுத்து வந்தா ஒடம்புல எதிர்க்கறதுக்கு என்ன மிச்சம் இருக்கும்? நமக்கும் அப்படித்தானே."

அவர் சொன்னபடி செய்தோம். புதுப் புழுவுக்குச் சீக்கு தொற்றாமலிருக்க, ராணியைச் சின்னக் கம்பிக்கூண்டில் அடைத்துக் கொஞ்ச நாள் முட்டை வைக்கவிடாமல் நிறுத்தினோம். சீக்குப் பிடித்த அடைகளை அறுத்தெடுத்து, குழிவெட்டிக் கொளுத்தினோம். மெழுகு எரியும்போது நல்ல வாசனை வந்தது. அதுதான் எங்களால் தாங்க முடியவில்லை. அக்கா அழுதுவிட்டாள். தினமும் சாயங்காலம் சர்க்கரைப் பாகு வைத்தோம். ஒரு பெட்டி அப்படியும் அடங்கிப்போயிற்று. கடைசிப் பெட்டியில் ஒருநாள் வெள்ளைவெளேரென்று நல்ல புழு, வட்டமாகச் சுருண்டு, அறைக்கொன்றாகப் படுத்திருந்தது. நாங்கள் இருவரும் மாறி மாறி அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த ஒன்றிலிருந்துதான் இன்றைக்கு வரப்பில் நிற்கும் பெட்டிகள் வந்தன. ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் குறையும். வரப்போரம் முருங்கையும் துளசியும் வைத்திருக்கிறேன். வெயில் வருஷா வருஷம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. சாக்கு நனைப்பது மாசியிலேயே தொடங்கிவிடுகிறது. அண்ணன் தம்பி பேசிக்கொள்கிறார்கள். நிறையப் பேசுவார்கள் என்றில்லை, வேலைக்கு வேண்டிய அளவு.

வருஷங்கள் ஓடிவிட்டன. அக்கா இப்போது ஓசூரில், கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் இருக்கிறாள். மகள் கம்பெனி வேலைக்குப் போகிறாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பெட்டியைத் திறக்கும்போது எனக்குத் துணைக்கு யாராவது வருகிறார்கள். சட்டத்தைப் பிடிக்கிறார்கள், புகை போடுகிறார்கள், வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு ஊர்க்கதை பேச ஆளில்லை. வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது.

இந்தப் பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். குழந்தையை மாமாவிடம் கொடுத்துவிட்டு, வந்ததும் வராததுமாக வரப்புக்குத்தான் போனாள். இடுப்பு கனத்திருந்தது. நடை மெதுவாகியிருந்தது. கை மட்டும் அப்படியே இருந்தது. ஒரு தேனீ நசுங்காமல் சட்டத்தை உருவி எடுத்தாள். வெயிலுக்கு நேராகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியமாட்டுது. முட்ட வெச்சிருக்குதா பாரு."

நான் வாங்கிப் பார்த்தேன். நடு அறைகளில் வரிசையாக இருந்தது.

"இருக்குதுக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தன்க்கா. நெறைய இருக்குது."

"செரி, சீக்கிரம் உள்ள வெய்யி. காத்து அடிக்குது" என்றாள்.